இத்தாலிக்காரியின் மூக்கு

சாலிஹா சாச்சியின் கை வெந்ததற்குக் காரணம் சாலிஹா சாச்சி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இந்த ஒரு வரியைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணி ஒன்று திரும்பாமல் போனதில் புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுக்களை அவள் பொறுப்பு. ‘பாவம், அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறாள்’ என்று தெருவில் சொல்வார்கள். உண்மையில் நாங்கள்தான் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தோம்.

ஹமீது மாமா கப்பலில் பண்டாரி. பண்டாரி என்றால் சமையற்காரர். செங்கடல் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில், இத்தாலிக்காரன் கடையிலிருந்து அந்தக் காப்பிப் பாத்திரத்தை வாங்கி வந்தார். அலுமினியம். எட்டுப் பட்டை. நடுவில் இடுப்பு சிறுத்து, மேலே ஒரு மூடியும் கறுப்புக் கைப்பிடியும்.

“தொழுகைக்கு முன்னால ஒளூச் செய்யுற கெண்டி மாதிரியில்ல இருக்கு” என்றாள் உம்மா.

“கெண்டிக்கு இடுப்பு இருக்கா லாத்தா? இவ இத்தாலிக்காரி” என்றாள் சாச்சி. அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. எங்களில் யாருக்கும் புரியாத பாஷை. ஆனால் படங்கள் இருந்தன. நான் மதுரையில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, பி.டி.யும் முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. எங்கள் தெருவில் கல்லூரிப் படி மிதித்த முதல் பெண் நான். வாப்பா என்னைப் படிக்க வைத்தது தாராள மனசால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் அவருடைய கூட்டாளியின் மகள் காலேஜுக்குப் போனாள். அவனுக்குத் தான் குறைந்தவனில்லை என்று காட்ட என்னை அனுப்பினார். காரணம் எதுவானால் என்ன, நான் படித்தேன்.

அந்தப் படங்களைப் பார்த்து, பாத்திரத்தைப் பிரித்துப் போட்டு, சாச்சிக்குச் சொல்லிக்கொடுத்தேன். கீழ்ப்பாத்திரத்தில் தண்ணீர். அதன் மேல் சல்லடைக் கிண்ணத்தில் காப்பித்தூள். மேற்பாத்திரத்தைத் திருகி அடுப்பில் வைத்தால், ஆவி தண்ணீரை அழுத்தும். தண்ணீருக்குப் போக வேறு வழி கிடையாது. தூளைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறிக் காப்பியாக வந்து விழும்.

“தூளு அடைச்சுக்கிட்டா?” என்று கேட்டாள் சாச்சி. முதல் கேள்வியே அதுதான்.

கீழ்ப்பாத்திரத்தின் பக்கவாட்டில் பித்தளையில் சின்னக் குமிழ் ஒன்று இருந்தது. நடுவில் துளை. துளைக்குள் ஒரு வில். அதைக் காட்டினேன். “மேல போக வழியில்லாட்டி ஆவி இது வழியா வெளிய வந்துரும். இது சீறுனா உடனே அடுப்ப விட்டு எறக்கிறணும். இது இல்லைன்னா இது பாத்திரமில்ல சாச்சி, வெடி.”

“அப்ப இது இவ மூக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் தவறியதில்லை. தண்ணீர் மூக்குக்குக் கீழே நிற்கும். தூளைக் கிண்ணத்தில் தளரப் போடுவாள், விரலால் அமுக்க மாட்டாள். விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் திருகுவாள். கைப்பிடியைப் பிடித்துத் திருக மாட்டாள், ஒடிந்துவிடும் என்று. விறகடுப்புப் பக்கமே கொண்டுபோக மாட்டாள். கும்மட்டி அடுப்பில் கரியைச் சாம்பல் பூக்கவிட்டு, அந்தத் தணலில்தான் வைப்பாள். ஆறிய பிறகுதான் திறப்பாள். புளியும் சாம்பலும் போட்டு விளக்காமல் வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்ப்பாள். அப்புறம் மூக்கை ஊதிப் பார்ப்பாள். “சளி பிடிச்சிருக்காண்டு பாக்குறேன்” என்பாள். சிக்கரி கலந்த தூளை அதில் போடக்கூடாது, நனைந்தால் களி மாதிரி ஆகிவிடும் என்று சொல்லியிருந்தேன். அதற்கென்று தனி டப்பாவில் கொட்டையை வறுத்துக் கொரகொரப்பாக இடித்து வைத்திருந்தாள்.

என் காக்கா மஹ்மூதுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அவன் வாப்பாவோடு கயிறும் சங்கும் விற்கும் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் இறுக்கிக் கட்ட வேண்டும் அவனுக்கு. சாக்கானாலும், கதவானாலும், தங்கச்சியானாலும்.

“ஒரு காப்பிக்கு இம்புட்டுச் சட்டமா? நம்ம பித்தளை பில்டர்ல தூளப் போட்டு நல்லா அமுக்குனா கெட்டியா எறங்குது. இது என்ன, படிச்ச பானையா?”

“ஆமா காக்கா. அதான் ஒனக்குப் புரியல” என்றேன். உம்மா என் தொடையில் கிள்ளினாள்.

இராமநாதபுரத்தில் பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்தது. வாப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சர்ட்டிபிகேட் காட்ட மட்டும் உம்மாவையும் துணைக்குக் கூட்டிப் போய்வர விட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது இத்தாலிக்காரி அலமாரியில் அவள் இடத்திலேயே இருந்தாள். எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சில நாள் அதை எடுக்க வேளையும் வரவில்லை.

கொழும்புக்குப் போய்வரப் பாஸ்போர்ட்டு, விசா என்று கெடுபிடி ஆகிவிட்ட பிறகு, அங்கேயே கடை வைத்திருந்த இருவரோடு கூட்டுச் சேரக் காக்கா பேசிக்கொண்டிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். காக்கா அடுக்களைக்குள் தலையை நீட்டினான்.

“சாச்சி, அந்த இத்தாலிக் காப்பி போடுங்க. நல்லாத் திக்கா. ஒங்க தூளு சாரமில்ல. டப்பாவுல நான் வேற தூளு வாங்கிக் கொட்டியிருக்கேன்.”

நான் பக்கத்து அறையில் இருந்தேன். சாச்சி பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீர் ஊற்றியது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “என்னடி, இன்னும் ஒன்னோட சத்தத்தையே காணோம்” என்று அவள் அதனிடம் பேசியதும் கேட்டது. இறக்கிவிடலாம் என்று கை நீட்டியிருக்கிறாள். அப்போதுதான் வெடித்தது.

மேற்பாத்திரம் பறந்து போய்க் கூரை ஓடுகளை உடைத்துவிட்டுத் திரும்ப விழுந்தது. அடுக்களையில் வெயில் இறங்கியது. சாச்சி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். வலது கை முழங்கை வரை காப்பிக் களி அப்பிக்கிடந்தது. அவள் கத்தவில்லை. “மூக்கு சீறவே இல்ல மஜீதா. நான் காதக் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன். சீறவே இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெந்த இடத்தில் மை ஊற்ற உம்மா மைக்கூட்டைக் கொண்டு ஓடிவந்தாள். முட்டையை உடைத்து ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரி சுவர்மேல் இருந்து கூவினாள். “ஒண்ணும் பூசக்கூடாது, தண்ணிதான்” என்று நான் போட்ட சத்தத்தில் முன்கூடத்தில் இருந்த விருந்தாளிகள் எழுந்துவிட்டார்களாம். எழட்டும்.

டாக்டர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே வீட்டில் தீர்ப்பும் ஆகிவிட்டது.

“தண்ணிய நெறைய ஊத்தியிருப்பாக. இல்லாட்டி நெருப்ப ஊதி ஊதிப் பெருசாக்கியிருப்பாக. கண்ணு தெரியல, கை நெதானமில்ல. வீட்டக் கொளுத்துறதுக்கு முன்னாடி வேற ஏற்பாடு பண்ணணும்” என்றான் காக்கா.

வேற ஏற்பாடு என்றால் கடலாடி. சாச்சியின் புருஷனுக்கு அண்ணன் மகன் ஒருவன், காலிது, அங்கே இருந்தான். வீடு நிறையப் பிள்ளைகள், கொட்டில் நிறைய மாடு, மனைவிக்கு மூட்டுவலி. சாச்சியை அனுப்பச் சொல்லிப் பல தடவை கேட்டவன். வெந்த கையோடு போனாலும் சாணி அள்ள இடது கை இருக்கிறதே.

மறுநாள் அடுக்களையைக் கூட்டினேன். கும்மட்டிச் சாம்பலுக்குள் கீழ்ப்பாத்திரம் சாய்ந்து கிடந்தது. திருகி மூடும் மரை வழித்துக்கொண்டு போயிருந்தது. சல்லடைக் கிண்ணத்தில் தூள் கறுப்புக் களியாக, கல் மாதிரி இறுகியிருந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன். சிக்கரி. சரி, அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி அடைத்தாலும் மூக்கு சீறியிருக்க வேண்டுமே.

பாத்திரத்தைத் திருப்பினேன். பித்தளைக் குமிழைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாகப் பளபளவென்று ஒரு கட்டி. கொண்டை ஊசியால் கீறினேன். ஈயம். துளைக்கு மேல் ஈயத்தை உருக்கி விட்டு, வழித்து, அரம் போட்டு மெருகும் ஏற்றியிருந்தார்கள். வேலை சுத்தம். அடுக்களை இருட்டில் அலுமினியத்தோடு அலுமினியமாகத்தான் தெரியும்; சாச்சி ஊதிப் பார்ப்பதும் கழுவிய பிறகுதான்.

எங்கள் தெருவில் பெண்கள் பஜாருக்குப் போவதில்லை. ஒழுகும் பாத்திரம், ஈயம் போன பாத்திரம் எதுவானாலும் ஆண்கள் கையில் போகும், ஆண்கள் கையில் வரும். ஈயம் பூசுகிறவரிடம் எதை அடை என்று சொன்னார்கள், எதை விடு என்று சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடைக்கச் சொன்னால் அடைப்பது அவர் தொழில்.

வாப்பா தனியாக இருந்த நேரம் பார்த்து அதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவர் கையில் எடுத்தார். திருப்பினார். கட்டி மேல் கட்டைவிரலை வைத்தார். இது என்ன என்று என்னைக் கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“ஒங்களுக்குத் தெரியுமா வாப்பா?”

“நீ இராமநாதபுரம் போயிருந்தியே, அண்டைக்கு மஹ்மூது அவனாவே காப்பி போட்டிருக்கான். சாலிஹா தொழுதுகிட்டு இருந்திருக்கு. தூள அமுக்கிப் போட்டானோ என்னமோ, பக்கத்துல சீத்துச் சீத்துண்டு ஆவி வந்துச்சாம். புதுச் சாமான் ஒழுகுதுண்டு கடைக்குக் கொண்டாந்தான். அடைச்சுட்டு வாடாண்டு நாந்தான் சொன்னேன்.” கட்டைவிரலால் கட்டியைத் தேய்த்தார். “ஒழுகுறத அடைக்கச் சொல்லுறது குத்தமா?”

“தெரியாம அடைச்சது குத்தமில்ல. தெரிஞ்ச பிறகு சாச்சி மேல போடுறது குத்தம்.”

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். ரொம்ப மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

“மஜீதா, கொழும்புக்காரவுக வெள்ளிக்கெழம திரும்பி வாராக. மஹ்மூது ஒரு விவரமில்லாதவண்டு அவுகளுக்குத் தோணிருச்சுண்டா கூட்டு போச்சு. அதோட அவன் தலைநிமிரவே மாட்டான். சாலிஹாவுக்கு என்ன, எங்கன இருந்தாலும் ரெண்டு வாய்ச் சோறு.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நீ வேலைக்குப் போ. நானே கொண்டுபோயிப் பள்ளிக்கூடத்துல விடுறேன். இதக் கொண்டுபோயிக் கெணத்துல போட்டுரு.”

எத்தனை நாளாக நான் காத்திருந்த வார்த்தை அது. எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது பாருங்கள்! ஒரு சின்ன ஈயக்கட்டியைக் கிணற்றில் போட்டால் போதும். நான் கிணற்றடி வரைக்கும் போனேன். பாத்திரத்தைக் கழுவி, சாம்பல் போகத் துடைத்து, மூக்கு நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா, காக்கா, கொழும்புக்காரர்கள் இருவர். கடலாடியிலிருந்து சாச்சியைக் கூட்டிப்போக வந்த காலிது ஓரத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே சாச்சியின் டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. காக்கா விருந்தாளிகளிடம் சொல்வது திரைச்சீலைக்குப் பின்னால் எங்களுக்குக் கேட்டது.

“அண்டைக்கு ஒங்களுக்குத் தொந்தரவாப் போச்சு. வயசான பொம்பள, சூதானம் பத்தல. இண்டைக்கு ஊருக்கு அனுப்பிருறோம்.”

நான் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். அந்நிய ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண் யாரும் அந்தத் திரையைத் தாண்டியதில்லை. தாண்டினால் கூரை விழும் என்று நினைத்திருந்தேன். கூரை ஏற்கெனவே உடைந்துதான் இருந்தது.

“ஏ, உள்ள போடி” என்றான் காக்கா.

“போறேன். அதுக்கு முன்னால இது என்னண்டு சொல்லிரு காக்கா.” பாத்திரத்தை அவர்களுக்கு நடுவில், பாயின் மேல் வைத்தேன்.

“என்னது?”

“மூக்கு. நீ அடைச்சது.”

“ஒழுகுச்சு, அடைச்சேன். ஒழுகுற சாமான அடைக்காம வாயில ஊத்திக்கவா சொல்லுற?” விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தான். “படிக்க வச்சா இப்படித்தான் பாய், வீட்டுல கோர்ட்டு வச்சுரும்.”

அவர்கள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது ஒழுகல காக்கா. மூச்சு விட்டுச்சு. சிக்கரித் தூளக் கொட்டுனது நீ. மூக்க அடைச்சது நீ. அடைச்சதச் சாச்சிக்கிட்டச் சொன்னியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுப்புல ஏத்தியிருப்பாகளா?”

“சொல்லணும்டு எனக்கு என்ன…”

“மச்சான்.” திரைக்குப் பின்னாலிருந்து சாச்சியின் குரல். வாப்பாவைக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் கூடத்தில் இருந்த ஆண்கள் காதில் விழும்படி அவள் பேசிக் கேட்டதில்லை. “மச்சான், தண்ணி மூக்குக்குக் கீழதான் ஊத்துனேன். தூள அமுக்கல. தணல்லதான் வச்சேன். எல்லாரும் இருக்கையில சொல்லிட்டேன். இனி எங்கன அனுப்புனாலும் போறேன். பிழை செஞ்சவளாப் போக மாட்டேன்.”

கொழும்புக்காரர்களில் மூத்தவர் பாத்திரத்தை எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். காக்காவின் பக்கம் நகர்த்திவைத்தார். காக்கா அதைத் தொடவில்லை.

வாப்பா எழுந்து நின்றார். கழுத்து நரம்பு தெரிந்தது. “ரெண்டு பேரும் உள்ள போங்க. மஜீதா, ஒனக்கு வேலையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாலு பேர் முன்னாடி வந்து நிண்டுட்டியில்ல.”

“ஆர்டர்ல எம் பேருதான் இருக்கு வாப்பா. நான் போறேன். சாச்சியும் என்னோடதான் வாராக.”

“சாலிஹா கடலாடிக்கிப் போவுது.”

“நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற புள்ளையா மச்சான்?” என்றாள் சாச்சி திரைக்குப் பின்னால். “என்னயும் ஒருதரம் கேட்டுப் பாருங்களேன். நான் மஜீதாவோட போறேன்.”

 காலிது குடையை ஊன்றி எழுந்தான். “அப்ப நான் அடுத்த பஸ்ஸுக்குப் போகவா? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பினோம். சாச்சி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கட்டுப்போட்ட கையை அதற்குள் மறைத்துக்கொண்டாள். உம்மா அழுதாள், என்னைத் திட்டினாள், பெட்டியைத் திறந்து எதையோ துணியில் சுற்றி உள்ளே திணித்தாள். “அடிப்பாதிய மட்டும் தூக்கிட்டுப் போயி என்ன செய்யப் போற? மேல் பாதியையும் வச்சிருக்கேன்” என்றாள். காக்கா எழுந்து வெளியே வரவில்லை. வாப்பா வாசலில் நின்றிருந்தார். தடுக்கவில்லை. வழியனுப்பவும் இல்லை. நாங்கள் தாண்டும்போது தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“திருப்புல்லாணியில பஸ்ஸு ரொம்ப நேரம் நிக்கும். எறங்கிறாதீங்க.”

இராமநாதபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. சாச்சியின் கை ஆறிவிட்டது. விரல் இரண்டு முழுதாக மடங்காது. ஹமீது மாமா விஷயம் கேள்விப்பட்டு அடுத்த பயணத்தில் இன்னொரு இத்தாலிக்காரியைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுப்பில் ஏற்றுமுன் சாச்சி அதன் மூக்கை ஊதிப் பார்க்கிறாள். பிறகு என்னிடம் நீட்டுகிறாள். நானும் ஊதுகிறேன். கூட்டு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை.

ஆவியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டிய நாளில் பழைய பாத்திரத்தின் இரண்டு பாதியையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். மேஜைமேல் வைத்து, மரை வழிந்த இடத்தைக் காட்டினேன். ஈயக்கட்டியைக் காட்டினேன். பிள்ளைகளை வரிசையாக வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

“இது தானா வெடிக்கல. வெளிய போக இருந்த வழிய ஒருத்தர் அடைச்சாங்க. அடைச்சதச் சொல்லவும் இல்ல. அதான் வெடிச்சுது.”

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “யாரு டீச்சர் அடைச்சா?”

முன்வரிசையில் ஹமீதா பானு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பெண், எங்கள் தெருவேதான். இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிவிடுவேனோ என்று எனக்காக அவள் வெட்கப்பட்டாள்.

“எங்க காக்கா மஹ்மூது” என்றேன். “அடைக்கச் சொன்னது எங்க வாப்பா ஜெய்னுலாபுதீன்.”

 ஹமீதா பானு பக்கம் திரும்பினேன்.

“லீவுக்கு ஊருக்குப் போவியில்ல? தெருவுல யாரும் கேட்டா, நான் சொன்னேண்டே சொல்லு.”